எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

"மாப்ள, நீ படிச்ச பிள்ளை. நமக்கு எந்தத் துப்பாக்கி தோதுப்படும்னு பாத்துச் சொல்லு."

போன மார்கழியில் எங்க மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். நான் இன்னும் அதே பி.காம். மூன்றாம் வருடம், அதே ஒரு அரியர். யாரையும் சுடுகிற உத்தேசம் இல்லை :)

மாமாவுக்குப் பாளையம்பட்டியில் ஊருக்கு வெளியே மூன்று குறுக்கம் கரிசல் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. பன்றிக்கு மலையும் காடும் வேண்டும் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் கண்மாய், ஓடை, தரிசு எல்லாவற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு ராத்திரி தோட்டத்துக்கு வருகின்றன. தின்பதைவிடச் சாய்ப்பது அதிகம். இரண்டு ராத்திரியில் அரைக் குறுக்கம் போய்விட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பத்தாம் வகுப்பு லீவில் ஜிம் கார்பெட்டைப் படித்ததிலிருந்து துப்பாக்கி என்றால் ஒரு கிறுக்கு. மாமா கேட்டதும் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடிவிட்டு பத்து நாள் இதையே படித்தேன். படித்ததில் கொஞ்சம் உங்களுக்கும்.

முதலில் ரைபிளுக்கும் சாதாரணத் துப்பாக்கிக்கும் என்ன வித்தியாசம்? ரைபிளின் குழாய்க்குள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தோட்டா அதில் உரசிக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். சுற்றுகிற பம்பரம் நிற்கும், சுற்றாத பம்பரம் விழும், அதே கதைதான். சுழல்கிற தோட்டா நேராகப் போகும். பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழாயில் ரவைகளைப் போட்டுச் சுட்டால் அவை சிதறிப் போகும். கொக்கு, காடைக்கு அது போதும். பெரிய மிருகத்துக்குப் போதாது.

காலிபர் என்பது குழாயின் உள் விட்டம், அங்குலக் கணக்கில். .22 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, அதாவது 5.6 மி.மீ. ஆனால் விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. தோட்டாவின் எடை, வேகம் இரண்டும் சேர்ந்துதான் அடியின் பலம். .22 தோட்டா இரண்டரை கிராம் சொச்சம், அதன் ஆற்றல் 170 ஜூல் அளவில்தான் இருக்கும். கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியின் தோட்டா 9 கிராம், ஏறக்குறைய 3,200 ஜூல். நம்ம பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி காடுகளில் தூக்கிக்கொண்டு அலைந்த .405 வின்செஸ்டரின் தோட்டா 19 கிராமுக்கு மேல், 4,300 ஜூலைத் தாண்டும். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 5,700 ஜூலுக்குப் பக்கம். ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் நம்புவது அதைத்தான்.

அப்படியானால் பெரிசாக வாங்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. 'கரமோஜோ' பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பாலானவற்றைச் சுட்டது கார்பெட் வைத்திருந்த அதே .275 ரகத்தில்தான்! செத்த யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுட்டார். கனமான துப்பாக்கி தோளில் இடிக்கிற இடியில் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனைவிட, சின்னத் துப்பாக்கியில் சரியான இடத்தில் அடிக்கிறவன் மேல். ஆனால் எல்லாரும் பெல் ஆகிவிட முடியாதே. அதனால்தான் வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: நீ அசையாமல் பிடித்துச் சுடக்கூடிய துப்பாக்கிகளிலேயே பலமானதை எடு, அந்த மிருகத்துக்குத் தேவையானதற்குக் கீழே போகாதே.

நோட்டில் கட்டம் போட்டு எடை, வேகம், விலை எல்லாம் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். (எப்பவும் போல, பரீட்சைக்கு முந்தின நாள் சிலபஸ் பார்க்கிற புத்தி.)

இந்தியாவில் காலிபரை வேட்டைக்காரன் மட்டும் தேர்ந்தெடுத்ததே இல்லை, அரசாங்கமும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. 1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசு .450 காலிபரை இந்தியாவில் தடை செய்தது. பட்டாளத்துப் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கையில் கிடைத்துவிடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று கொஞ்சம் தள்ளிப் புது அளவுகள் செய்தன. இன்று யானை வேட்டைத் துப்பாக்கி என்று பெரிசாகப் பேசப்படும் .470 வந்ததே இந்த வரி ஏய்ப்பு மாதிரியான வேலையில்தான். பட்டாளத்து .303-யும் பொதுமக்கள் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இஷாப்பூர் அரசு ஆலையில் .315 என்று பொதுமக்களுக்கென ஒரு ரைபிள் செய்தார்கள்.

சரி, மாமாவுக்கு? 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இதைத்தான். குழாயின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி! மருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி இடித்து, கேப்பு மாட்டி... ஒரு வெடிக்குப் பிறகு அடுத்த வெடிக்குப் பன்றியிடம் அவகாசம் கேட்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுட மாமாவுக்கு உரிமை இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் உத்தரவும் சுடுகிற வேலையை வனத்துறைக்குத்தான் கொடுத்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ.க்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் அவர்கள் சுடலாம்.

இதையெல்லாம் மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ராத்திரி வந்தது.

மாமாவோடு நானும் காவலுக்குப் போயிருந்தேன். பரண் மேல் டார்ச், தகர டின், ஒரு ஃபிளாஸ்க் டீ. நடுச்சாமம் தாண்டியிருக்கும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் 'டொம்'மென்று ஒரு வெடிச் சத்தம். பட்டாசு இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. பின்னாலேயே பன்றியின் அலறல், புதர் முறிகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. "ஒண்ணு விழுந்துருச்சு போல" என்றார் மாமா. நான் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது விழவில்லை. விடிந்ததும் மாமா மடை பக்கம் எட்டிப் பார்க்கப் போனார். கருவேலம் புதருக்குள்ளிருந்து வந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. பரணிலிருந்து நான் பார்க்கும்போது மாமா கீழே கிடந்தார். தொடையில் கொம்பு கிழித்து வேட்டியெல்லாம் ரத்தம். துண்டைக் கட்டி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். பதினெட்டுத் தையல். இன்னும் இரண்டு விரல்கடை தள்ளியிருந்தால் பெரிய ரத்தக்குழாய் என்றார் டாக்டர். அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்றி மறுநாள் ஓடையில் செத்துக் கிடந்தது. தோள் பட்டையில் ரவை பட்ட காயங்கள். ஆண் பன்றிக்குத் தோள் மேல் கேடயம் போலத் தடித்த தோல் உண்டு என்று நான் அந்தப் பத்து நாளில் படித்திருந்தேன். சின்ன ரவை அதைத் தாண்டி உள்ளே போகாது. கொல்லாது, வெறியேற்றும். படித்தபோது அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

சுட்டது யார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. அவரும் பாவம், அவருடைய சோளத்தைக் காப்பாற்றத்தான் சுட்டார். மாமாவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது சம்பாவத் புலி ஞாபகம் வந்தது. நேபாளத்திலும் குமாயுனிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்குள்ள பெண் புலி. 1907-ல் கார்பெட் அதைச் சுட்டார். கடைசி நேரத்தில் தோட்டா தீர்ந்துபோய், தாசில்தாரின் துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிவந்தார். அந்தப் புலியை முடித்ததற்குப் பரிசாக வந்ததுதான் நான் மேலே சொன்ன .275 ரிக்பி. சின்ன வயதில் அந்தத் துப்பாக்கிதான் என் கண்ணில் பட்டது. இப்போது வேறொன்று பட்டது. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்றார் கார்பெட். யாரோ ஒருவர் என்றைக்கோ சுட்டுவிட்டு, தப்பிப் போய்விட்டது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

எங்கள் பாடத்தில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. கொடுத்தவனுக்குத் திரும்பி வராத கடன். அதைத் தள்ளுபடி என்று எழுதிவிட்டால் புத்தகத்தில் கணக்கு முடிந்துவிடும். காயம்பட்டுத் தப்பிப்போன மிருகமும் அப்படித்தான். சுட்டவர் தன் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிடுகிறார். ஆனால் அது காணாமல் போவதில்லை, சம்பந்தமே இல்லாத இன்னொருவர் கணக்கில் போய் விழுகிறது. குமாயுனில் விறகு பொறுக்கப் போன பெண் கணக்கில். மடை பார்க்கப் போன என் மாமா கணக்கில். அந்த ஒரு ராத்திரியும் ஒரு பகலும் புதருக்குள் கிடந்து செத்த பன்றியின் கணக்கிலும்தான்.

எந்த ரைபிள், எந்தக் காலிபர் என்று வேட்டைக்காரர்கள் நூறு வருடமாகச் சண்டை போட்டது இதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரே அடியில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் விசையைத் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் ரத்தத் தடம் பிடித்துப் போய் முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் கட்டம் போட்ட நோட்டில் எடை, வேகம், விலை எல்லாம் இருந்தது. இந்த மூன்றாவது வேலைக்கு ஒரு பத்திகூட இல்லை. அவுட்டுக்காய் வைக்கிறவரிடமும் திருட்டு மின்வேலி போடுகிறவரிடமும் அந்தப் பத்தி இல்லை. அவை பன்றி, மாடு, யானை, மனுஷன் என்று ஆள் பார்ப்பதும் இல்லை.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் மாமா காலை நீட்டித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்ள, எந்தத் துப்பாக்கின்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?" என்றார்.

"நமக்குத் துப்பாக்கி வேண்டாம் மாமா."

"அப்ப சோளத்துக்கு யாரு பதில் சொல்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்பவும் முழுசாக இல்லை. மூன்று குறுக்கத்தில் அரைக் குறுக்கம் போவது என்ன என்று எனக்குத் தெரியும், என் கல்லூரிப் பீஸில் ஒரு பங்கு அந்தச் சோளம்தான். வனத்துறைக்கு மனு நான்தான் எழுதிக் கொடுத்தேன், பயிர் நஷ்டத்துக்கும் சேர்த்து. இந்த வருடம் வரப்பைச் சுற்றி மாமா ஆமணக்கு போட்டிருக்கிறார். அதற்கு உள்ளே அத்தையின் பழைய சேலைகள் வேலியாகக் கட்டியிருக்கின்றன. சில ராத்திரி பன்றி வருகிறது, சில ராத்திரி திரும்பிப் போகிறது. சனி, ஞாயிறில் நான் பரணுக்குப் போகிறேன். டின் அடிக்கிற வேலை என்னுடையது, கீழே இறங்கிப் பார்க்கிற வேலை விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான்.

உங்கள் ஊரில் இதற்கு வேறு வழி வைத்திருந்தால் சொல்லுங்கள். மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.