பார்மசிஸ்டுக்கும் ரெசிடென்சியா?

ஆறாவது வருஷம் வந்ததிலிருந்து ஜூனியர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ரெண்டே ரெண்டு. "ஸ்டைபண்ட் எவ்வளவு அக்கா?" என்பது ஒன்று. "அமெரிக்கால ரெசிடென்சின்னு சொல்றாங்களே, அது நமக்குக் கிடைக்குமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், சிரிக்காமல் சொல்வதுதான் கஷ்டம் :-) ரெண்டாவதுக்குத்தான் இந்தப் பதிவு. பார்மசி பக்கமே வராத நண்பர்களும் வாசிப்பதால் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டாக்டர்கள் விஷயத்தில் ரெசிடென்சி எல்லோருக்கும் தெரிந்த கதை. எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. சேர்ந்தவர்கள் மூன்று வருஷம் வார்டிலேயே குடியிருப்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அட்மிஷன் வந்தால் முதலில் ஓடுவது ஹவுஸ் சர்ஜன். அவருக்கு மேலே பி.ஜி., அவருக்கு மேலே அசிஸ்டென்ட் புரொபசர், எல்லோருக்கும் மேலே யூனிட் சீஃப். ஹவுஸ் சர்ஜன் எழுதியதை பி.ஜி. பார்ப்பார். பி.ஜி. எழுதியதைக் காலை ரவுண்ட்ஸில் சீஃப் பார்ப்பார். "ஏன் இந்த மருந்து?" என்று எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி விழும். அந்த ஏணியில் படிப்படியாக ஏறித்தான் ஒருவர் டாக்டர் ஆகிறார்.

அதே மாதிரி ஓர் ஏணியைப் பார்மசிஸ்டுக்கும் போட்டால் அதுதான் பார்மசி ரெசிடென்சி. அமெரிக்காவில் 1927-லேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஹார்வி விட்னி என்பவர் ஆஸ்பத்திரி பார்மசிக்கென்று ஓர் இன்டர்ன்ஷிப்பைத் தொடங்கினார். 1942-இல் ஆஸ்பத்திரி பார்மசிஸ்டுகளுக்கு ஏ.எஸ்.ஹெச்.பி. என்ற தனிச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். இன்றைக்கு அங்கே ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது அந்தச் சங்கம்.

அமைப்பு இப்படி: பார்ம்.டி. முடித்தவர் பி.ஜி.ஒய்.1 என்று ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பொதுவான பயிற்சி எடுப்பார். வேண்டுமென்றால் பி.ஜி.ஒய்.2 என்று இன்னொரு வருஷம், அது ஐ.சி.யூ., புற்றுநோய், குழந்தைகள், தொற்றுநோய் என்று ஏதாவது ஒரு துறையில். இடம் பிடிப்பதற்கு டாக்டர்களுக்கு இருப்பது போலவே 'மேட்ச்' உண்டு. நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்ததும் நாம் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும், ஆஸ்பத்திரிகள் நம்மை வரிசைப்படுத்தித் தரும், கம்ப்யூட்டர் ரெண்டையும் பொருத்தும். முதல் சுற்றில் இடம் கிடைக்காதவர்களுக்காக 2016-இலிருந்து ரெண்டாவது சுற்றும் நடக்கிறது. சம்பளம், வேலையில் இருக்கிற பார்மசிஸ்ட் வாங்குவதில் பாதி கூட வராது. வேலை நேரத்துக்கு உச்சவரம்பு நாலு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம். அது 'உச்சவரம்பு' என்றால் சாதாரண வாரம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

லைசன்ஸ் வாங்க இந்த ரெசிடென்சி கட்டாயம் இல்லை. நோயாளியை நேரடியாகக் கவனிக்கிற புதிய பார்மசிஸ்டுகள் எல்லோரும் 2020-க்குள் ரெசிடென்சி முடித்திருக்க வேண்டும் என்று ஏ.எஸ்.ஹெச்.பி. 2007-இல் ஓர் இலக்கு வைத்தது. 2020 வந்தது, போனது, சட்டம் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை வேண்டுமென்றால் ரெசிடென்சி இல்லாமல் கஷ்டம் என்கிற நிலை அங்கே வந்துவிட்டது.

சரி, அந்த ஒரு வருஷத்தில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'பிரிசெப்டர்' என்கிற ஆள். ரெசிடென்டைப் பக்கத்தில் வைத்துப் பழக்குகிற சீனியர் பார்மசிஸ்ட். அவருக்கு நாலு வேலை: முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிறகு செய்துகாட்ட வேண்டும், பிறகு கூடவே நின்று செய்யவைக்க வேண்டும், கடைசியில் தள்ளி நின்று தனியாகச் செய்ய விட வேண்டும். சைக்கிள் பழகினவர்களுக்கு இது புரியும். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த அப்பா எந்த இடத்தில் கையை விட்டார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் விழுந்தால் தூக்குகிற தூரத்தில்தான் இருந்திருப்பார்.

வெறும் படிப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 72 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ. காலில் ரத்தம் உறைந்துவிட்டது என்று எனாக்ஸாபாரின் ஊசி எழுதியிருக்கிறார்கள், கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கிரியேட்டினின் 1.4. பார்த்தால் "கொஞ்சம்தானே கூட" என்று தோன்றும். காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போடுங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்தால் 68. அதை 45-ஆல் பெருக்கி, 72-ஐயும் 1.4-ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 26 மில்லி. 30-க்குக் கீழே போனால் அந்த ஊசி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அதாவது பாட்டிக்குப் போய்க்கொண்டிருப்பது ரெண்டு மடங்கு. ரத்தக்கசிவு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இந்தக் கணக்கை எங்கள் கிளாஸில் எல்லோரும் போட்டுவிடுவோம், பரீட்சையில் முழு மார்க்கும் வாங்குவோம். கிளாஸில் வராத பகுதிதான் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு நாற்பது கேஸ் ஷீட்டுக்கு நடுவில் அந்த ஒரு ஷீட் கண்ணில் பட வேண்டும். சீஃப் அடுத்த பெட்டுக்கு நகர்வதற்குள் வாயைத் திறக்க வேண்டும். "போன வாரம் கிரியேட்டினின் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும். டோஸை மாற்றிய பிறகு மறுநாள் போய்ப் பாட்டியைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்கினால் வருகிற விஷயங்கள்.

இதனால் உண்மையிலேயே நோயாளிக்கு லாபம் உண்டா? 1999-இல் லூசியன் லீப் குழுவினர் அமெரிக்க மருத்துவ இதழான 'ஜாமா'வில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டனில் ஓர் ஐ.சி.யூ. ரவுண்ட்ஸில் சீனியர் பார்மசிஸ்ட் ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்து எழுதும்போது நேர்கிற தவிர்க்கக்கூடிய பாதிப்புகள், ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு 10.4 என்று இருந்தது 3.5 ஆகக் குறைந்தது. மருந்து ஆர்டர் பற்றி அவர் சொன்ன 366 யோசனைகளில் 362-ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். "டாக்டர்கள் நம்ம பேச்சைக் கேட்க மாட்டாங்க" என்று புலம்புகிற நண்பர்கள் இந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை படிக்கவும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஊட்டியிலும் மைசூரிலும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எம்.பார்ம். பார்மசி பிராக்டிஸ் வந்தது. பிறகு 2008-இல் இந்திய பார்மசி கவுன்சில் பார்ம்.டி. விதிகளைக் கொண்டுவந்தது. ஐந்து வருஷம் படிப்பு, ஆறாவது வருஷம் ஆஸ்பத்திரி. அந்த ஆறாவது வருஷத்துக்கு விதிமுறையில் என்ன பெயர் தெரியுமா? 'இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி பயிற்சி'. ஜெனரல் மெடிசினில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் ரெண்டு ரெண்டு மாதம். கொடுத்த வார்டில் மாணவர் சுயமாகவே கிளினிக்கல் பார்மசி சேவை செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. காகிதத்தில் நாமும் ரெசிடென்ட்தான் மக்களே!

வார்டில் நடப்பது வேறு. என் போஸ்டிங்கில் ஒரு துறையில் ரெண்டு மாதம் தினமும் போனேன். மருந்துகளுக்குள் ஒத்துப்போகாதது எதையாவது பார்த்தால் அதற்கென்று இருக்கிற ஃபாரத்தில் எழுதுவேன், ஃபைலில் வைப்பேன். மாதக் கடைசியில் எத்தனை ஃபாரம் என்று எண்ணிக் கையெழுத்து விழும். நான் எழுதியது சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை, அந்த நோயாளி என்ன ஆனார் என்றும் கேட்கவில்லை. சுயமாகச் செய் என்று விதி சொன்னதை 'தனியாக விட்டுவிடு' என்று படித்துவிட்டார்கள் போல. சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டு அப்பா ஆபீசுக்குப் போய்விட்ட கதை.

அதற்கு நேர்மாறாகவும் நடந்தது. ஜெனரல் மெடிசின் யூனிட்டில் ஒரு பி.ஜி. அண்ணன் இருந்தார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, "பார்மசி" என்றுதான் கூப்பிடுவார். "பார்மசி, இந்த பேஷண்டுக்கு வான்கோமைசின் டோஸ் பார்த்தியா?" என்பார். சொன்னால் "எப்படி?" என்பார். அதையும் சொன்னால்தான் விடுவார். அந்த யூனிட்டில் இருந்த மாதங்களில் நான் காலை ஏழு மணிக்கே போய் லேப் ரிப்போர்ட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். யாரும் வரச்சொல்லவில்லை, ஒன்பது மணிக்குக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. அந்த வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த யூனிட்டில் கற்றது.

என் கணிப்பில் ரெசிடென்சியின் சாரமே இந்தக் 'கேட்கிற ஆள்'தான். மேட்ச், பி.ஜி.ஒய். என்ற பெயர்கள் எல்லாம் அதைச் சுற்றிக் கட்டின சுவர். அந்த ஆள் இல்லாமல் ஆறாவது வருஷத்தோடு ஏழாவது வருஷத்தையும் சேர்த்தாலும் ஃபைல் கனமாகும், அவ்வளவுதான். இருக்கிற கல்லூரிகள் வார்டுக்கு ஒரு பிரிசெப்டரை முழுநேரமும் ரவுண்ட்ஸில் நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

"அமெரிக்கா போக முடியுமா" என்று கேட்டவர்களுக்கு: வழி இருக்கிறது, நீளமான வழி. 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் குறைந்தது ஐந்து வருஷ பார்மசி படிப்பு படித்திருக்க வேண்டும். ஆகவே நாலு வருஷ பி.பார்ம். மட்டும் போதாது, ஆறு வருஷ பார்ம்.டி.க்கு அந்தத் தடை இல்லை. எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வும் டோஃபலும் எழுதி எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வாங்கினால் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கத் தகுதி வரும். ஆனால் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யாத ஆஸ்பத்திரிகள் நிறைய. கடன் வாங்கிப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை முதலில் விசாரியுங்கள்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். எஜுகேஷன் லோன் தவணை அடுத்த வருஷம் ஆரம்பிக்கிறது. என் செட்டில் பாதிப் பேர் பார்மகோவிஜிலன்ஸ் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். நல்ல சம்பளம், ஏ.சி. ரூம், யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கும் ஓர் ஆஃபர் கையில் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேலை, அதைவிடக் குறைவான சம்பளம். அங்கே இன்டர்வியூ முடியும்போது "ஏதாவது கேட்கணுமா?" என்றார்கள். "ரவுண்ட்ஸில் நான் ஒரு டோஸ் சொன்னால் அதைச் சரிபார்ப்பது யார்?" என்று கேட்டேன். எதிரில் இருந்த மேடம், "முதல் மூணு மாசம் நான். அதுக்கப்புறமும் நான்தான், ஆனா நீ கேட்டாதான்," என்றார்.

அப்பாவிடம் தவணைக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டியிருக்கிறேன். முதல் ரெண்டு வருஷம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியும் என்றுதான் வருகிறது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், சரி என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஜூனியர்களே, நீங்கள் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் அந்தக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற சீனியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் முதல் வருஷத்தில் உங்களைக் 'கேட்ட' ஆள் யார் என்று ரெண்டு வரி எழுதுங்களேன். இங்கே நிறைய பேருக்கு உபயோகமாக இருக்கும்.