தங்கச்சிக்கு, படம் வரைகிற மகளைப் பற்றி

மேலகரம்,
28-5-2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. சாரல் இந்த வருசம் மே முடியுமுன்னே வந்துவிட்டது. உன் மதினி வற்றல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், நீ வெறும் 'ம்' கொட்டுவாய். அதனால்தான் கடிதம். அவரிடம் காட்டுவதானாலும் காட்டு.

"பத்தாம் வகுப்பில் இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு ஐடிஐ-யா?" என்று அவர் கேட்டதாகச் சொன்னாய். கேட்கத்தான் செய்வார். நம் பக்கத்தில் ஐடிஐ என்றால் பரீட்சையில் கோட்டை விட்டவன் ஒதுங்குகிற இடம் என்று ஒரு நினைப்பு. நான் சொன்னது கட்டட வரைபடம் போடக் கற்றுத்தரும் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் பிரிவு. அதில் சேரக் கணக்கு, அறிவியலோடு பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ரெண்டு வருசப் படிப்பு. கணக்கில் பயம் உள்ள பிள்ளை அங்கே போய்த் தப்பிக்க முடியாது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மருமகளின் படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஆச்சியை வரைந்திருக்கிறாளே, அது யாரோ ஒரு கிழவி. மூக்குத்தி இல்லையென்றால் எனக்கே தெரிந்திருக்காது. ஆனால் தென்காசிக் கோபுரத்தைப் பார்! ஒன்பது நிலையையும் எண்ணிப் போட்டிருக்கிறாள், மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதை ஸ்கேல் வைத்துப் பிடித்திருக்கிறாள். வண்ணம் கூடக் கொடுக்கவில்லை. நம் சின்ன வயதில் அது மொட்டைக் கோபுரமாக நின்றது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. 1990-ல் குடமுழுக்கு நடந்த பிறகு பார்த்தவர்களுக்கு அந்த மொட்டை தெரியாது. அத்தனை நிலையும் முதலில் காகிதத்தில் எழுந்தவைதான். கொத்தன் கையில் கரண்டி ஏறுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அளவு போட்டிருக்கிறார். நம் பிள்ளையின் கண் அந்த ஆள் பக்கம் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

'கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாசம் ஆட்டோகேட் படித்தால் போதாதா' என்று கேட்டிருந்தாய். போன வருசம் அப்படி ஒரு பையன் போட்ட பிளான் ஒன்று என் மேசைக்கு வந்தது. துபாயிலிருந்து திரும்பியவர் கட்டுகிற வீடு. தரைக்கும் மாடிக்கும் 10 அடி. படிக்கு 6 அங்குல உயரம் என்றால் 20 ஏற்றம். கடைசிக் கால் மாடித் தரையிலேயே விழும் என்பதால் மிதி 19. மிதிக்கு 10 அங்குலம் வைத்தால் 190 அங்குலம், 16 அடிக்கு ரெண்டு அங்குலம்தான் குறைவு. பையன் மடக்கு எதுவும் வைக்காமல் நேராக ஏறுகிற படிக்கு ஒதுக்கிய இடம் 10 அடி! கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை, போடச் சொன்ன கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டது. கொத்தனார்தான் நூல் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

ஐடிஐ-யில் முதலில் பலகையும் டி-ஸ்கொயரும் கையில் கொடுத்து எழுத்து எழுதவே உட்கார வைப்பார்கள். பிறகு வடிவியல், முன்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம். செங்கல் கட்டில் எந்தக் கல் எதன் மேல் ஏறும் என்பது. சங்கிலி அளவை, லெவல், டோட்டல் ஸ்டேஷன், எஸ்டிமேட் எல்லாம் உண்டு. ஆட்டோகேட் அதற்குள்ளேயே வந்துவிடும். எங்கள் காலத்தில் டிரேசிங் பேப்பரில் மசி சிந்தினால் பிளேடு வைத்துச் சுரண்டுவோம். தாள் கிழியாமல் சுரண்டத் தெரிந்தவன்தான் ஆள். அம்மோனியா பிரிண்டு எடுத்துவிட்டு வந்தால் உன் மதினி தள்ளிப் படுக்கச் சொல்வாள். அதெல்லாம் போய்த் தொலைந்தது நல்லதுதான்.

இன்னொன்று. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறை. இணையத்தில் வரைபடத்தை ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி, முன்னால் யாரும் வந்து பார்ப்பதில்லை. அப்படியானால் பிளானில் இருப்பதுதான் சத்தியம். பக்கத்து இடைவெளி அரை அடி குறைந்தால் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். ஒழுங்காகக் கோடு போடுகிற ஆளுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

மாப்பிள்ளைக்கு பிளஸ் டூ ஆசை என்றால் அதிலும் வழி இருக்கிறது. தொழிற்கல்வி குரூப்பில் அடிப்படைக் கட்டடப் பொறியியல் ஒரு பாடம். எல்லாப் பள்ளியிலும் வைக்கமாட்டார்கள், விசாரித்துத்தான் சேர வேண்டும். அந்த குரூப் முடித்தாலும் சரி, ரெண்டு வருச ஐடிஐ முடித்தாலும் சரி, பாலிடெக்னிக்கில் நேராக ரெண்டாம் வருசம் சேரலாம். கதவு எதுவும் சாத்திக்கொள்ளாது என்று அவரிடம் சொல்.

அவள் மனசு ஓவியத்தில்தான் என்றால் மட்டும் பேச்சு வேறு. பிளஸ் டூ முடித்து எழும்பூர் கவின்கலைக் கல்லூரிக்கோ கும்பகோணத்துக்கோ அனுப்பு. எழும்பூர்க் கல்லூரியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு டாக்டர். அங்கே படம் மட்டுமா நடந்தது? 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கிற வேலையை அந்தப் பள்ளியில்தான் ஆரம்பித்தார். நீ சோறு வடிக்கிற அலுமினியப் பானைக்கும் அந்த ஓவியப் பள்ளிக்கும் உறவுண்டு! கலை வேறு தொழில் வேறு என்று அன்றைக்கு யாரும் பிரித்து வைக்கவில்லை. நம் குற்றாலத்தில் நடராசரே சித்திரசபைச் சுவரில் ஓவியமாகத்தானே ஆடுகிறார்.

செலவுக்குப் பயப்படாதே. அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. அவள் அரசுப் பள்ளிப் பிள்ளை, புதுமைப் பெண் திட்டத்து 1,000 ரூபாய்க்கும் மனுப் போடலாம். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு போகட்டும். பேட்டை ஐடிஐ-யில் இடம் கிடைத்தாலும் தென்காசியிலிருந்து ரயில் இருக்கிறது.

விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அடுத்த வாரம் அவளை அனுப்பி வை. ஒரு வேலை கொடுக்கப் போகிறேன். டேப்பைக் கையில் கொடுத்து ஆச்சி வீட்டை அளந்து வரையச் சொல்வேன். பழைய வீட்டில் ஒரு அறைகூட மூலைமட்டமாக இருக்காது. மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால் ஒரு பக்கம் நாலு அங்குலம் கூட வரும். சில பிள்ளைகள் அதைச் சதுரமாகவே வரைந்து நீட்டிவிடுவார்கள். இவள் எரிச்சல்படாமல் மறுபடி அளந்து, கோணலைக் கோணலாகவே வரைந்தால் மாப்பிள்ளையிடம் நானே வந்து பேசுகிறேன். இல்லையென்றால் பிளஸ் டூ-வில் சேர்த்துவிடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

வரும்போது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் கொடுத்துவிடு. அசல் உன்னிடமே இருக்கட்டும். பஸ்ஸில் குடையைத் தொலைக்கிற பிள்ளை அது. டிராயிங் சாமான் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். சேர்ந்த பிறகு அவர்கள் சொல்கிற அளவில் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்