மண்ணிறத்துக்கு ஒரு சீசன்

செப்டெம்பர் பிறந்தால் எங்கட ஃபோன்கள் எல்லாம் மண்ணிறமாகிவிடும். இன்ஸ்டகிராமைத் திறந்தால் சொக்லேட் நிறக் கோட், வைன் நிற நகம், செம்பு நிறத் தலைமுடி, மண்ணிற லைனர் இழுத்த உதடு. ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோ மச்சாள் சிவந்த மேப்பிள் இலைகளுக்குள் நின்று படம் அனுப்புவாள். "இஞ்ச ஃபோல் வந்திட்டுது. அங்க எப்பிடியடி?" என்று கேட்பாள். இங்கே வானம் இருட்டிக்கொண்டு நிற்கும். கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளாகக் காய்ந்திருக்காது. முற்றத்து வேப்பமரம் எப்போதும்போலப் பச்சையாக நிற்கும்.

தமிழில் பருவங்கள் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதற்கென்று அதில் ஒரு பருவம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்குக் கூதிர். 'இலையுதிர்காலம்' என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த சொல். ஆனாலும் போன வருஷம் நாங்கள் நான்கு சிநேகிதிகளும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு இலையுதிர்காலம் கொண்டாடினோம். ஐப்பசிக் கடைசியில் எங்களில் ஒருத்தியின் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அதற்கு 'ஃபோல் லுக்'கில் போவது என்று முடிவு. உடுப்பு, தலைமுடி, மேக்கப், நகம் என்று ஆளுக்கொன்றைப் பொறுப்பெடுத்தோம்.

உடுப்புக்குப் பொறுப்பானவள் முதலில் இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடினாள். இலைக்குக் காரணம் இலகு. குளிர் தொடங்க, பகல் குறைய, இலையில் இருக்கிற பச்சையம் உடைந்துபோகும். அதுவரை பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரியும். சில மரங்கள் சிவப்பைப் புதிதாகவே உண்டாக்கும். ஆனால் ஃபேஷன் இலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் நகரங்களில் இலையுதிர்கால உடுப்புகளின் காட்சி பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நடக்கிறது. அந்த வருஷத்து இலை இன்னும் துளிர்க்கவே இல்லை, அது உதிரும்போது என்ன நிறத்தில் சட்டை போடுவது என்று முடிவாகிவிட்டது. பான்டோன் நிறுவனம் 2025க்கான நிறமாக 'மோக்கா மூஸ்' என்ற மெல்லிய மண்ணிறத்தை 2024 டிசெம்பரிலேயே அறிவித்துவிட்டது.

இதை எல்லாம் அவள் தன் அக்காவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினாள். அக்கா கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கேட்டுவிட்டு அக்கா சிரித்தாவாம்.

"எங்களுக்கு ஃபோல் சித்திரையில வாறது."

உண்மைதான். செப்டெம்பரில் லண்டன் கடையில் தொங்கவேண்டிய ஹூடி அதற்குப் பல மாதம் முன்னமே தைத்து முடிந்து கப்பலேற வேண்டும். 1978இல் கட்டுநாயக்கவில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்றைக்கு இலங்கை ஏற்றுமதி செய்யும் பொருட்களில் உடுப்புத்தான் முதலிடம். போர் முடிந்தபிறகு வடக்குக்கும் தொழிற்சாலைகள் வந்தன. தார் றோட்டு உருகுகிற சித்திரை வெயிலில், மணித்தியாலத்துக்கு இத்தனை என்று ராகெட் வைத்து, பனிநாட்டு ஆக்களுக்கான தடித்த துணியை எங்கட அக்காமார் தைக்கிறார்கள். சீசனின் பெயர் அவர்களுக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை. ஸ்டைல் நம்பர் தெரிந்தால் போதும்.

ஏற்றுமதியில் மிஞ்சினதும் கழிபட்டதும் உள்ளூர்க் கடைகளுக்கு வரும். கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்திருப்பார்கள். அப்படி ஒரு கடையில் துரு நிறத்தில் நீளக்கைப் பின்னல் சட்டை ஒன்று கிடைத்தது. நாலு பேருக்கும் ஆசை, காசு போட்டு ஒன்றை வாங்கினோம். மின்விசிறிக்குக் கீழே நின்று போட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிஷத்தில் வியர்த்து ஒழுகியது. ஆகவே கலியாணத்துக்குத் துணியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்தோம். மண்ணிறக் கைத்தறிப் பருத்திச் சேலை, கடும் மெரூன் பிளவுஸ். மழைக்காலத்துக்கும் சரி, படத்துக்கும் சரி. இந்தப் பக்கத்தை வாசிக்கிற ஆருக்காவது ஃபோல் உடுப்பு ஆசை இருந்தால் நாங்கள் சொல்வது இதுதான்: நிறத்தை எடுங்கோ, கனத்தை அவையிட்டையே விடுங்கோ.

தலைமுடிக்குப் பொறுப்பானவள்தான் பட்டாள். செம்பு நிறம் என்று ஃபோனில் பார்ப்பது பெரும்பாலும் ஏற்கெனவே வெளிறிய முடியில் போட்டது. எங்கட கறுப்பு முடியில் அந்த நிறம் தெரிய முதலில் ப்ளீச் அடித்துக் கறுப்பை எடுக்கவேண்டும். கறுப்பு ஒரேயடியாகப் போகாது. முதலில் சிவக்கும், பிறகு செம்மஞ்சள், பிறகுதான் மஞ்சள். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பாலரில், ஒரே இருப்பில், இரண்டு தரம் ப்ளீச் போட்டார்கள். நுனி எல்லாம் ரப்பர்போல இழுபட்டு அறுந்தது. வீட்டுக்கு வந்து தலையில் துவாய் கட்டிக்கொண்டு எங்களுக்கு வொய்ஸ் அனுப்பினாள். முதல் பத்து செக்கன் அழுகை மட்டும்தான். அடுத்த நாள் நான்கு அங்குலம் வெட்டினோம்.

ஆசை இருக்கிறவைக்கு இரண்டு விஷயம். பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கற்றையில் முதலில் போட்டுப் பாருங்கோ. சாயத்தைத் தோலில் ஒரு துளி வைத்து 48 மணித்தியாலம் பொறுங்கோ. பெட்டியில் எழுதியிருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை, நாங்களும் வாசிக்கவில்லை.

மேக்கப்புக்கு வந்தபோதுதான் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது.

எங்களில் மூன்று பேருக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு சட்டம் இருந்தது. கறுத்தப் பிள்ளையளுக்கு மண்ணிறம் எடுக்காது. புடவைக்கடையில் நாங்கள் வாய் திறக்க முதலே யாராவது சொல்லிவிடுவார்கள், "வெளிர் நிறமாய்க் காட்டுங்கோ, பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு." பிறந்தநாள் சட்டை எல்லாம் இளம் ரோசா, இளம் மஞ்சள். நான்காமவள் வெள்ளை. அவளுக்கு எந்த நிறமும் போடலாம். ஆனால் அவளைப்பற்றி ஆக்கள் சொல்வதும் அந்த ஒன்று மட்டும்தான். கணக்கில் கெட்டிக்காரி, நல்லாய்ப் பாடுவாள். அதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

முன்பு ஒரு கலியாணத்துக்கு எங்களில் ஒருத்தி பாலரில் மேக்கப் போட்டாள். அவளுடைய தோலைவிட இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷனை அப்பிவிட்டார்கள். கேட்டதற்கு, "படத்துக்கு எடுப்பாய் இருக்கும் தங்கச்சி" என்றார்களாம். அல்பத்தில் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது. அந்தப் படங்களை அவள் இன்னும் ஒருவருக்கும் காட்டுவதில்லை.

இந்த முறை நாங்களே போடுவது என்று ஃபோனில் ஒரு ஃபில்டரைத் தேடினோம். உங்கட தோலுக்கு எந்தப் பருவம் பொருந்தும் என்று அது சொல்லும். 1980இல் கரோல் ஜாக்சன் என்பவர் 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்ற புத்தகத்தில் ஆக்களை நான்கு பருவங்களாகப் பிரித்தார். அந்த யோசனைதான் இன்றைக்கு ஃபில்டராக வந்திருக்கிறது. எங்களில் மூன்று பேருக்கும் 'டீப் ஓட்டம்' என்று விழுந்தது. கடும் மண்ணிறம், துரு, மெரூன், கடும்பச்சை எல்லாம் உங்களுடைய நிறங்கள் என்றது. எங்களுக்கு எடுக்காது என்று சொன்ன அதே பட்டியல். பிறகு ஒருத்தி ரியூப்லைட்டுக்குக் கீழே நின்று திரும்பப் பார்த்தாள். அவள் 'வின்டர்' ஆகிவிட்டாள். ஃபில்டருக்கு எங்களைவிட ரியூப்லைட்டைத்தான் நல்லாய்த் தெரியுது என்று சிரித்தோம். ஒரு பொய்ச் சட்டத்தை உடைக்க இன்னொரு பொய்ச் சட்டம் உதவினால் பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

மண்ணிற லிப் லைனருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களும் லத்தீனப் பெண்களும் அதைப் போட்டார்கள். கடையில் விற்ற 'நியூட்' நிறங்கள் அவர்களுடைய உதட்டில் சாம்பல் பூசினதுபோல இருந்தன. எங்களுக்கும் அப்படித்தான். 2017இல் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் பவுண்டேஷன் கொண்டுவந்தபோதுதான் கடும் நிறத் தோலும் சந்தைதான் என்று மற்றக் கம்பனிகள் விழித்தன. 2020இல் ஃபெயார் அன்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல்லை எடுத்து 'க்ளோ' என்று மாற்றியது. பெயர் மாறினது நல்லது. புடவைக்கடையில் இன்னும் மாறவில்லை.

நகம் இலகுவாக முடிந்தது. கடும் வைன் நிறக் கியூரெக்ஸ் வாங்கத்தான் போனோம். 1994இல் ஷனெல் கொண்டுவந்த 'ரூஜ் நுவார்' என்ற கறுஞ்சிவப்பு முதல், அந்த நிறம் ஒவ்வொரு ஃபோலுக்கும் திரும்பி வரும். ஆனால் வேலையிடத்தில் கியூரெக்ஸ் போடக்கூடாது என்று இரண்டு பேருக்குச் சட்டம். அம்மம்மா வேலியோரத்து மருதாணியை அரைத்துத் தந்தா. கழுவினவுடன் செம்மஞ்சள், இரண்டு நாளில் கடும் மண்ணிறம். நகத்தில் பட்டது கழுவிப் போகாது, நகம் வளர்ந்துதான் போகவேண்டும். தை மாதமும் எங்கட நகநுனியில் இலையுதிர்காலம் இருந்தது. கடையில் விற்கிற 'கறுப்பு மருதாணி'யை மட்டும் தொடாதேங்கோ. அதில் தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கலாம், தோல் பொங்கிவிடும்.

கலியாண வீட்டில் நாங்கள் நாலு பேரும் மண்ணிறத்தில் வரிசையாக இருந்தோம். பெரியம்மா ஒராள் வந்து எங்களில் ஆகக் கறுத்தவளின் நாடியைப் பிடித்தா.

"என்ன பிள்ளை, கலியாண வீட்டுக்கு மண்ணிறம் கட்டியிருக்கிறாய்? முகம் இருண்டுபோய்க் கிடக்கு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, பெரியவர்களோடு என்னத்தைக் கதைக்கிறது? பக்கத்தில் அவளுடைய அம்மா இருந்தா. இளம் ரோசா சட்டைகளை எல்லாம் வாங்கிக் குவித்த அதே அம்மா. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னா, "இல்லையக்கா, வடிவாய்த்தான் கிடக்கு." அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள் அன்றைக்கு ஒரு படத்திலும் பின்வரிசைக்குப் போகவில்லை.

அடுத்த லீவில் கிளிநொச்சியிலிருந்து அக்கா வந்தா. துரு நிறச் சட்டையைக் காட்டினோம். அவ அதன் வடிவைப் பார்க்கவே இல்லை. உட்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவிக்கொண்டு போனா. கீழ்விளிம்பில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்தா, இஞ்ச ஒரு தையல் தப்பியிருக்கு. இதுக்குத்தான் கழிச்சிருக்கினம்" என்றா. எங்கள் நாலு பேருக்கும் அது கண்ணில் பட்டதே இல்லை.

"அக்கா, நீங்கள் போட்டுப் பாருங்கோவன்."

போட்டா. கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தா. "எத்தினை மண்ணிறம் தைச்சிருப்பன். எனக்கு எடுக்குமோ எண்டு ஒருநாளும் யோசிக்கேல்ல" என்றா. பிறகு "சரியா அவியுதடி" என்று கழற்றித் தந்துவிட்டு, மேசையில் கிடந்த மண்ணிற லிப்ஸ்டிக்கை எடுத்துத் தன் பையில் வைத்தா.

"சட்டையை நீங்களே வைச்சிருங்கோ. இது எனக்கு."