நல்ல பிள்ளை பதில்கள்

2016 கோடையில் கேள்வித்தாள் கட்டோடு ஜவ்வாது மலை ஏறினேன். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு போக வேண்டும். தாளுக்கு இவ்வளவு என்று கூலி. தமிழ் எம்.ஏ.வுக்கு அப்போது கிடைத்த வேலை அதுதான்.

'வீட்டு ஆம்பளைங்க எங்க வேலைக்குப் போறாங்க ஆயா?'

'கொடகுக்கு. காப்பித் தோட்டத்துக்கு.'

அடுத்த வீட்டிலும் குடகு. அதற்கடுத்த வீட்டிலும் குடகு. ஆந்திரா என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். அதற்கப்புறம் பேனாவும் தாளுமாக வருகிறவனிடம் வேறென்ன சொல்வார்கள்?

தாளின் கடைசியில் ஆளுமைக் கேள்விகள். எப்போதாவது பொய் சொன்னதுண்டா? யார் மீதாவது கோபம் வருமா? எல்லா வீட்டிலும் 'இல்லை'. மேற்பார்வையாளர் சிரித்தார்: 'இவ்ளோ நல்லவங்களா? செல்லாதுய்யா.'

இதற்கென்று ஒரு படிப்பே இருக்கிறது. 1960இல் அமெரிக்காவில் கிரவுன், மார்லோ என்ற இருவர் 33 வாக்கியங்களில் ஓர் அளவுகோல் செய்தார்கள். மனுஷராய்ப் பிறந்த யாருக்கும் முழுசாக வாய்க்காத நற்குணங்களை எனக்குண்டு என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனால், பிறர் மெச்சுவதற்காகப் பதில் சொல்கிறார் என்று கணக்கு. கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. மெச்சுவதற்காகவா? பண்ணையார் கேட்டால் என் தாத்தாவும் 'கோவமா, எனக்கா சாமி?' என்றுதான் சொல்வார். மறுநாள் கூலி வேண்டுமே.

சாதி இந்துக்களின் 'இல்லை' வேறு வகை. 2011-12இல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, நாடு முழுக்க 42,000 வீடுகளில், வீட்டில் தீண்டாமை பார்ப்பதுண்டா என்று கேட்டது. இல்லை என்றவர்களிடம், தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரத்தைப் புழங்கலாமா என்று மறுபடி கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து 27 சதவீதம் என்றார்கள். கேள்வி செய்தவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. அடுப்பங்கரையில் வைத்துக் கேட்டால்தான் சாதி வாயைத் திறக்கும். அப்படியும் வாயைத் திறக்காதவர்கள் எத்தனை பேரோ.

கடைசி நாள் அந்த ஆயா வீட்டில் தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்: 'நீ எந்த ஊரு தம்பி? எந்தத் தெரு?'

மலையாளிப் பழங்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். எனக்கு அது தெரியும்.

'போளூர் பக்கம் ஆயா' என்றேன். தெருவைச் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.