கல்லும் சுண்ணாம்பும்

பெயரிலேயே தச்சரைத் தாங்கிய ஊர் தச்சநல்லூர். அதனை அடுத்த தாமிரபரணிக் கரையூர்களின் பழைய வீடுகள், மரத்தச்சரும் கல்தச்சரும் கொத்தரும் கூடிச் செய்தவை. தெருவினும் உயர்ந்த கல் அடித்தளம் மழைநீரை வாசலிலேயே நிறுத்தும். திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் தரும். நடுவே வானம் பார்த்த முற்றம். வெப்பக்காற்று அதன்வழி மேலெழ, வாசற்பக்கக் காற்று உள்ளே வரும்.

இவற்றைப் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. சுவரில் ஏறிய ஈரத்தை அது வெளியே விடும். மெல்லிய வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். சிமெண்ட் இந்நாட்டில் பரவுமுன்னரே, 1843ஆம் ஆண்டில் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க எழுந்த சுலோச்சன முதலியார் பாலம், அக்காலக் கட்டடத் திறனுக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது.

இன்றோ, கசியும் பழஞ்சுவர்மீது சிமெண்ட் பூசுகின்றனர். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது, காரை உதிர்கிறது. ‘வீடு பழுதாயிற்று, இடித்துவிடலாம்’ என்ற முடிவு உடனே பிறக்கிறது. உண்மையில் பழுது வீட்டினுடையது அன்று. மாற்றி இட்ட மருந்தினுடையது. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு பதமாக அரைக்கத் தெரிந்த கொத்தர் உள்ளவரை அவ்வீடுகளுக்கு ஆயுள் உண்டு. காக்கத்தக்கவை கற்கள் மட்டுமல்ல, அந்தக் கைகளும்தாம்.