அத்தைக்கு ஒரு பேர் இருந்தது

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரித்திரம் என்றாலே வேப்பங்காய். பானிப்பட் யுத்தம் மூன்று, அசோகர் மரம் நட்டார், இவ்வளவுதான் பரீட்சை முடிந்தபின் மிச்சம். அப்படிப்பட்ட நான் ஒரு சரித்திரப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்காமல் படித்தேன் என்றால், என் கூடப் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

1988-ஆம் வருஷம். இரண்டாவது பிரசவம் ஆகி, குழந்தைக்கு ஐந்தாம் மாதம் பிறந்தகத்திலிருந்து மாயவரம் வந்து சேர்ந்தேன். பெட்டிக்குள் என் அண்ணா ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை வைத்திருந்தான். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்ததே, அதற்கு முன்னால் அங்கே வாங்கியதாம். அட்டை பாதி இல்லை. மோனிகா ஃபெல்டன் என்ற இங்கிலாந்துக்காரி எழுதிய 'எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி'. 1966-ல் வந்தது. சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கை. என் இங்கிலீஷுக்கு, பக்கத்துக்கு நாலு வார்த்தை அகராதி பார்க்க வேண்டியிருந்தது.

"பால் கொடுக்கறச்சே புஸ்தகத்தை எடுக்காதேடி, பச்சை உடம்பு, கண்ணு போயிடும்" என்பார் என் மாமியார். (கண் போகவில்லை. நாற்பதில் கண்ணாடி வந்தது. அது எல்லாருக்கும் வருவதுதானே!) நான் கேட்பதாக இல்லை என்று தெரிந்ததும், ஒருநாள் மத்தியானம் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "அப்படி என்னதான் போட்டிருக்கு அதுல? எனக்கும் சொல்லேன்" என்றார். அஞ்சாங் கிளாசோடு நிறுத்தப்பட்டவர் அவர்.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம். நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, அவர் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்.

சுப்புலட்சுமி பிறந்தது 1886-ல், சென்னையில். பதினோரு வயசில் எல்லாம் முடிந்து போயிற்று. அப்பா சுப்பிரமணிய ஐயர் பெண்ணை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். ஊரும் உறவும் சும்மா இருக்குமா? அத்தனை பேச்சையும் தாங்கிக்கொண்டு படிக்க வைத்தார். சின்ன வயசிலேயே அதே கதிக்கு ஆளான சித்தி வாலாம்பாள் அந்தப் பெண்ணுக்குத் துணை. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அதற்குப் பிறகு தன்னைப் போன்ற பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதி. முதலில் எழும்பூரில் ஒரு வீட்டில் நாலைந்து பேர்; பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்காக 1842-ல் கட்டிய கட்டடம் அது. விவேகானந்தர் 1897-ல் தங்கியதும் அங்கேதான். வெள்ளைக்காரர்களின் குளிர்பானத்துக்காகக் கட்டிய இடத்தில், யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் பாடம் படித்தார்கள்!

பி.ஏ. என்று சொன்ன இடத்தில்தான் என் மாமியாரின் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்காத்துலயும் ஒருத்தர் இருந்தாடி. எங்க அத்தை. ஒன்பது வயசிலே."

பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த இவருக்கே இந்த அத்தையைத் தெரியாது! மாசத்துக்கு ஒருதரம் கொல்லைப்பக்கம் நாவிதன் வருவானாம். குழந்தைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. என் மாமியார் ஒருதரம் கிணற்றடித் துவைக்கல்லுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டாராம். அத்தை அழவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம் என்பதால், இவருக்குத் தலை பின்னியது, கோலம் சொல்லிக் கொடுத்தது, சாதம் பிசைந்து கையில் போட்டது எல்லாம் அத்தைதான். 1940-ல் கல்யாணம். சாரதா சட்டத்துக்காகப் பதினாலு முடிகிற வரை பொறுத்தார்களாம். புக்ககத்துக்குக் கிளம்பினபோது, சகுனம் என்று அத்தையை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நான் சொல்லிண்டு வரலைடி. கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கலாம். தட்டலை."

குழந்தை தூங்கிவிட்டிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "அவர் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

மாமியார் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "அத்தைன்னுதான் கூப்பிடுவோம். அம்மா பேர் சொல்ல மாட்டா. அப்பா 'ஏய்' னுவார். பேரே தெரியலையேடி எனக்கு!"

அப்போது அழுதார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை.

திருவையாற்றில் அவருடைய அண்ணா இருந்தார், எழுபத்தைந்து வயசு. அவருக்கு அன்றே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: "நீ கேட்டது ஆச்சரியமாக இருக்கிறது. ஜீவனாம்சப் பத்திரத்தில் தர்மாம்பாள் என்று இருக்கிறது. 1943-ல் காலமானாள்." கார்டை என் மாமியார் தாமே எழுத்துக்கூட்டிப் படித்தார். சுவாமி அலமாரியில் மஞ்சள் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார்.

அந்த நவராத்திரிக்கு எங்கள் தெருக்கோடியில் இருந்த டீச்சரையும் அழைக்கச் சொன்னார். முப்பது வயசுக்குள் கணவரை இழந்தவர். அதுவரை அவர் வீட்டுக்குச் சுண்டல் மட்டும்தான் போகும். டீச்சர் தயங்கித் தயங்கி வந்தார். மாமியார் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் வைத்துக் கொடுத்தார். குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தவர், ஒரு நிமிஷம் நின்று, திரும்ப வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது, "கை வரலைடி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வருஷப் பழக்கம். அதை ஒரு புத்தகம் ஒரே மூச்சில் துடைத்துவிடுமா என்ன!

மறு வருஷம் கொடுத்தார். டீச்சர் அதை நெற்றியில் இட்டுக்கொள்ளவில்லை, காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கும் கை வரவில்லையோ என்னவோ.

மாமியார் 1997-ல் போனார். ஐந்து மாதக் குழந்தையாக மடியில் கிடந்தவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். சென்ற கோடையில் வந்தபோது, "அம்மா, இதை நான் எடுத்துக்கறேன்" என்று அட்டையில்லாத அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். நடுவில் செருகியிருந்த திருவையாற்றுக் கார்டை மட்டும் நான் எடுத்துப் பழையபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.