எம்டனுக்கு எத்தனை மார்க் போடலாம்?

“அவன் சரியான எம்டன்டா!”

வடசென்னையில் யாரையாவது இப்படிச் சொன்னால், அதில் பாதி திட்டு, பாதி பாராட்டு. ஆள் தந்திரக்காரர், துணிச்சல்காரர், எப்போது எங்கே வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது என்று அர்த்தம். 1914-ல் சென்னை மீது குண்டு வீசிய ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்தான் இப்படித் தமிழ்ச் சொல்லாகவே மாறிவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் அது வழக்கில் இருக்கிறது.

சரி, ஒருவரின் ‘எம்டன்தனத்தை’ எப்படி அளப்பது? உயரத்தை அளக்க டேப் இருக்கிறது, எடைக்குத் தராசு இருக்கிறது. தந்திரத்துக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுகளுக்கு விதி எழுதுகிறவர்கள் அவர்கள்.

ஒரு வீரன், நாலு பேர்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அந்தப் பையன்கள் ஆடுவார்களே, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, அது இந்த வகைதான். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, “நான் இதைச் செய்கிறேன்” என்பார்கள். செய்தது பலித்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டை மாதிரிதான். ஆனால் இந்தப் பகடைக்கு 20 முகம்.

இதற்கு முன்னோடி, கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து 1971-ல் கொண்டுவந்த ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு. அதில் நாயகன் என்றால் நாலு சாதாரண வீரர்களுக்குச் சமம். பெரிய நாயகன் எட்டுப் பேருக்குச் சமம். நம்மூர் சினிமாவில் ஹீரோ பத்துப் பேரைப் பறக்கவிடும் கணக்குதான் இதுவும். திறமை என்பதை வெறும் தலைக்கணக்காக மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். இன்றைக்கு மொபைல் கேமில்கூட ‘உயிர்’ குறைவதைக் கோடாகக் காட்டுகிறார்களே, அந்த யோசனையைக் கப்பல் சண்டை விளையாட்டிலிருந்து எடுத்ததாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். எத்தனை குண்டு பட்டால் கப்பல் மூழ்கும் என்ற கணக்குதான் மனிதனுக்கும் வந்தது.

அந்த இரவு

கப்பல் என்றதும் எம்டனுக்கே வருவோம். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைக் கரைக்கு மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி வந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் இலக்கு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்ட குண்டு எதுவும் கப்பல் மேல் படவில்லை. எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்தபோது, மூன்று புகைப்போக்கி உள்ள எம்டன் நான்காவதாக ஒரு பொய்ப் புகைப்போக்கியைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல வேஷம் போட்டுப் போனது. உள்ளே நின்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

ஆனால் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ வந்தது. சிட்னி பெரிய கப்பல், வேகமும் அதிகம், பீரங்கிகளும் கனமானவை. பகல் வெளிச்சம், திறந்த கடல், நேருக்கு நேர் சண்டை. அன்றைக்குத் தந்திரத்துக்கு இடமே இல்லை. எம்டன் அழிந்தது. அதன் ஆட்கள் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பலத்தை மட்டும் எண்ணும் விதியில் எம்டன் பினாங்கில் ஜெயித்ததற்குக் காரணம் கிடைக்காது. தந்திரத்தை மட்டும் மதிக்கும் விதியில் அது கோகோஸில் தோற்றது ஏன் என்று புரியாது.

கட்டையை உருட்டணுமா?

இதை மணலி புதுநகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். கல்லூரி படிக்கும் பேத்தி கதை சொல்கிறாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாதான் கேப்டன் முல்லர்.

“தாத்தா, மெட்ராஸ் தெரியுது. கரையெல்லாம் லைட் எரியுது. என்ன பண்ணப் போறீங்க?”

“மொதல்ல நம்ம கப்பல்ல லைட்ட அணைக்கச் சொல்லும்மா.”

“சரி. அவங்க கண்ணுல படாம போறீங்களான்னு பாக்கணும். பகடையைப் போடுங்க.”

“அதுக்கு எதுக்குக் கட்டைய உருட்டணும்? வெளிச்சத்துல நிக்கிறவன இருட்டுல இருக்கிற நான் பாப்பேன். அவன் என்ன எப்புடிப் பாப்பான்?”

தாத்தா கேட்பது நியாயம்தான். யோசித்துச் சொன்ன வழியையும் பகடையிடமே விட்டுவிட்டால், யோசித்ததற்கு என்ன மதிப்பு? ஆனால் பக்கத்தில் பன்னிரண்டு வயது தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவன் எடுத்திருப்பது இருபது வருஷம் கடல் பார்த்த மாலுமியின் பாத்திரம். மாலுமிக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரியாது. ஆடுகிறவரின் மூளையை மட்டும் கணக்கில் எடுத்தால், அவன் பாத்திரத்தின் அனுபவத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1824-ல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், ‘க்ரீக்ஸ்பீல்’ என்ற போர்ப் பயிற்சி விளையாட்டை அமைத்தார். வரைபடம், படைக்கட்டைகள், பகடை, நடுவில் ஒரு நடுவர். உங்கள் படையின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே நடுவர் காட்டுவார். நாளடைவில் விதிகள் கனத்துப்போக, 1876-ல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணையை ஓரம் கட்டிவிட்டு அனுபவமுள்ள நடுவரே தீர்ப்பு சொல்லட்டும் என்றார். இன்றைய கதைசொல்லி அந்த நடுவரின் வாரிசுதான்.

2014-ல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பதிப்பு நடுவழி ஒன்றைப் பிடித்தது. சாதகமான நிலையை உருவாக்கிவிட்டால் பகடையை இரண்டு முறை போட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் யோசனைக்கு மரியாதை கிடைக்கும். கடலின் விதியும் கையில் இருக்கும். தம்பிக்கு? அவன் முடிவு சொல்லும் முன்பே, “ஒரு மாலுமிக்கு இது தெரிந்திருக்கும்” என்று பேத்தி இரண்டு வழிகளை எடுத்துச் சொன்னால் போதும். எந்த வழி என்பதை அவன் தேர்ந்தெடுப்பான்.

பகடையே இல்லாமல் தந்திரத்தைச் சொன்ன விளையாட்டு நம்மிடமும் இருக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15, புள்ளிகள் 23. தனி ஆடு புலிக்கு இரையாகிவிடலாம். ஆனால் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. ‘அணிவகுத்து நில்’ என்ற போர்ப்பாடம் முழுக்க அந்த ஒரு விதிக்குள் இருக்கிறது. எந்த ஆட்டுக்கும் மார்க் கிடையாது. சேர்ந்து நிற்பதுதான் அங்கே திறமை.

விதியில் இல்லாதவர்கள்

எம்டன் ஆட்டத்தை மணலி புதுநகரில் ஆடுவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே எண்ணெய்த் தொட்டி கதையில் வரும் பொருள் அல்ல. 1960-களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்ததிலிருந்து, அந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தொட்டிகளும் புகைப்போக்கிகளும் அன்றாடக் காட்சி. 2021 மழையில் கொசஸ்தலை ஆற்று நீர் தெருக்களுக்குள் வந்தது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வழியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அங்கிருப்பவர்களுக்கு அத்துப்படி. நிலம் அறிந்து நகர்வது எந்தப் படைக்கும் முதல் பாடம். அதற்கு யாரும் மார்க் போட்டதில்லை.

1914-ன் அந்த இரவில் சென்னையில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். பயந்துபோய் ஏராளமானோர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். கப்பல் சண்டை விதிகளில் தொட்டிக்கு உயிர்க்கணக்கு உண்டு, பீரங்கிக்கு எண் உண்டு. இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. முல்லர், தான் பிடித்த கப்பல்களின் மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தியவர் என்று பெயர் வாங்கியவர். இருட்டில் சுட்ட குண்டுக்கு அந்தக் கண்ணியம் தெரியுமா?

அதனால் இந்த ஆட்டத்தை உங்கள் வீட்டில் ஆடிப் பார்க்க நினைத்தால், ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைக் குறிவைத்த ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டாவதாக ஒரு பகடை, பின்னால் இருக்கும் வீடுகளுக்காக. அதைக் கேப்டனாக ஆடுகிறவரே தன் கையால் போடட்டும். தாத்தா அதைக் கையில் எடுத்து, உருட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தால், அந்த விதி வேலை செய்கிறது என்று அர்த்தம்.